வாடகை வீட்டில் நாலு லிட்டர் ரத்தம்: பெங்களூரில் முதல் ஸ்லாஷர் குறும்படம் எடுப்பவர்களுக்கு

முகமூடி போட்ட ஒருவன் கத்தியோடு வருவான், ஒவ்வொருவராகத் தீர்ப்பான், ரத்தம் குழாய் உடைந்த மாதிரி பீய்ச்சும், பார்ப்பவர்கள் அலறிக்கொண்டே சிரிப்பார்கள். ஸ்லாஷர் என்று சொல்லும் இந்த வகைப் படங்கள் எனக்குப் பள்ளி நாளிலிருந்தே உயிர். போன வருடம் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து, முருகேஷ்பாளையாவில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டிலேயே தமிழில் ஒன்பது நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்தோம். நடித்தவர்களும் தமிழர்கள், விளக்குப் பிடித்தவர்களும் தமிழர்கள், எல்லோருக்கும் ஐ.டி. வேலை. கேமராவைப் பற்றிச் சொல்லித்தர இணையத்தில் ஆயிரம் பேர் உண்டு. வாடகை வீட்டுச் சுவரில் ரத்தம் தெறித்தால் என்ன செய்வது, அதற்கு முன் யாரிடம் எந்தக் காகிதம் வாங்குவது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. நாங்கள் பட்டு அறிந்ததை வரிசையாகத் தருகிறேன். நீங்களும் அதே இடங்களில் பணத்தையும் தூக்கத்தையும் இழக்க வேண்டாம்.

1. சாகப் போகிறவரை முதலில் ஆளாக்குங்கள்

வாடகைக்கு விளக்கு எடுக்கும் முன் இதை முடித்துவிடுங்கள். இதற்குச் செலவு கிடையாது, ஆனால் படம் நிற்பதும் விழுவதும் இங்கேதான்.

இந்த வகைப் படத்தில் பயமும் சிரிப்பும் ஒரே மூச்சிலிருந்து வருகின்றன. கதவுக்குப் பின்னால் அவன் நிற்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. நாம் மூச்சைப் பிடித்திருக்கிறோம். அந்த மூச்சு அலறலாகவும் வெளியே வரலாம், சிரிப்பாகவும் வரலாம். ரத்தம் அளவுக்கு மீறிப் பீய்ச்சும்போது வலி மறைந்து கூத்தாகிவிடுகிறது. தெருக்கூத்தில் இரணியன் வதத்தைப் பார்க்கும் கூட்டம் பயந்தும் ரசித்தும் உட்கார்ந்திருக்கிற மாதிரிதான்.

இந்த வகையின் நோயையும் சொல்லிவிட வேண்டும். பாதிப் படங்களில் சாகிறவர்களுக்கு ஒரு முகம் இருக்காது, எண்ணிக்கைதான் இருக்கும். பெண் என்றால் கூடுதல் நேரம் ஓடவிட்டு, ஆடையைக் கிழித்து, கேமரா அங்கேயே நிற்கும். மூன்றாவது கொலைக்குள் சலித்துவிடும். சலிப்பை மறைக்க இன்னும் ரத்தம், அப்புறம் இன்னும் குரூரம். சிரிப்பு எப்போதோ போயிருக்கும். எங்கள் முதல் பிரதியிலும் இதே தவறு இருந்தது. ஒன்பது நிமிடத்தில் ஐந்து கொலை. வாசித்துப் பார்த்த தோழி, "இதுல யாரு செத்தாலும் எனக்கென்ன?" என்று கேட்டாள். ஐந்தை இரண்டாக்கினோம்.

மிச்சமான நேரத்தில் என்ன செய்தோம் என்றால், ஒரு பெண்ணைத் தண்ணீர் கேனுக்காகக் காத்திருக்க வைத்தோம். அவள் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் அம்மாவோடு பேசுகிறாள். கதவு திறக்கிறது. முகமூடிக்காரன் நிற்கிறான். அவள் திரும்பாமலே, "அண்ணா, உள்ளே வச்சிருங்கண்ணா. காலி கேன் அங்கேயே இருக்கு. போன தடவை அம்பது ரூபா பாக்கி தரணும் நீங்க" என்கிறாள். அவன் ஒரு கணம் கத்தியைப் பார்க்கிறான். அப்புறம் வாசலில் இருந்த கேனைத் தூக்கி வந்து, டிஸ்பென்சர் மேல் கவிழ்த்து வைக்கிறான். தண்ணீர் குமிழி விடும் சத்தம் அடங்கும்வரை கேமரா அசையாது. போட்டுக் காட்டிய ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில் சிரித்தார்கள். அடுத்த நொடி கொலை நடந்தபோது, சிரித்த அதே வாய்கள் "ஐயோ" என்றன. அந்த ஐம்பது ரூபாய்ப் பாக்கிதான் அவளை ஆளாக்கியது.

ஆக, கொலைகாரன் கஷ்டப்படட்டும், சாகிறவரின் பிடிவாதமும் பெருமையும் சிரிப்பைத் தரட்டும். வலியால் துடிக்கும் முகத்தைச் சிரிப்புக்குப் பயன்படுத்தாதீர்கள், அது எடுபடவும் எடுபடாது. இரண்டாவது நிமிடத்துக்குள் ஒரு முறையாவது பார்ப்பவரைச் சிரிக்க வைத்துவிடுங்கள். சிரிக்கலாமா கூடாதா என்ற சந்தேகத்தோடு உட்கார்ந்திருப்பவர் கடைசிவரை சிரிக்க மாட்டார்.

2. காகிதங்கள்

படப்பிடிப்புக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள். நாங்கள் ஐந்து நாளில் முடிக்கப் பார்த்து, தேதியைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று.

வீட்டு ஓனரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். எங்கள் ஓனர் வாயால் "மாடி, மாடி" என்றார், சரி என்று நம்பிவிட்டோம். கன்னடத்தில் அது "செய்யுங்கள், செய்யுங்கள்" என்ற தாராளம்தான். ஆனால் பின்னால் சுவரில் கறை வந்தபோது அந்தத் தாராளத்துக்குச் சாட்சி இல்லை. கடிதத்தில் தேதி, நேரம், எத்தனை பேர், போலி ரத்தம் பயன்படும் என்ற வரி, சேதம் வந்தால் யார் சரிசெய்வது என்ற வரி எல்லாம் இருக்கட்டும். வாடகை ஒப்பந்தத்தின் நகலையும் அதோடு இணைத்துவிடுங்கள். அடுக்குமாடி என்றால் குடியிருப்போர் அசோசியேஷனிடம் தனியாக என்.ஓ.சி. (ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்) வேண்டும். லிஃப்ட், மாடிப்படி மாதிரிப் பொது இடங்கள் எல்லாம் அவர்கள் பொறுப்பில் இருப்பவை, உங்கள் ஓனர் மட்டும் சொன்னால் போதாது.

பக்கத்துக் காவல் நிலையத்துக்கு ஒரு தகவல் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். இதைக் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். தமிழ்க் கடிதம் இங்கே உதவாது. முதல் நாள் இரவு எங்கள் நண்பர் ரத்தச் சட்டையோடு பால்கனியில் காற்று வாங்கப் போனார். எதிர்வீட்டில் யாரோ 112க்கு அழைத்துவிட்டார்கள். பத்து நிமிடத்தில் ரோந்து வண்டி வாசலில். முத்திரை போட்ட கன்னடக் கடிதத்தைக் காட்டியதும் படித்துவிட்டு, வெளியே யாரும் இப்படி நிற்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால் இரவு முழுக்க நிலையத்தில்தான் இருந்திருப்போம். தெருவில் பத்து வீட்டுக்காவது முன்கூட்டியே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். எதிர்வீட்டை நாங்கள் விட்டுவிட்டோம்.

நடிப்பவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு பக்கச் சம்மதக் கடிதம் வாங்குங்கள். எந்தக் காட்சியில் ரத்தம் எங்கே படும், யார் தொடுவார்கள், எந்த ஆடை நனையும், படம் எங்கெல்லாம் வெளியாகும் என்று அதில் வெளிப்படையாக எழுதுங்கள். நண்பர்கள்தானே என்று விடாதீர்கள். நண்பர்களிடம்தான் கேட்கக் கூச்சம், மறுக்கவும் கூச்சம். 18 வயதுக்குக் கீழே யாரையும் இதில் சேர்க்காதீர்கள்.

கப்பன் பூங்காவிலோ லால்பாக்கிலோ ஒரு ஷாட் எடுத்துவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். இரண்டும் தோட்டக்கலைத் துறையின் கீழ் இருப்பவை, அனுமதியில்லாமல் எடுக்க முடியாது. முதல் படத்துக்கு அந்த அலைச்சல் வேண்டாம், வீட்டுக்குள் முடியுங்கள். நாய், பூனை எதையும் காட்சிக்குள் விடாதீர்கள். பின்னால் தணிக்கைக்குப் போனால் விலங்குகளுக்கென்று விலங்கு நல வாரியத்தின் சான்று தனியாகக் கேட்பார்கள். கொலைகாரன் வாயில் சிகரெட்டும் வேண்டாம். தியேட்டருக்குப் போகும் படம் என்றால் புகையிலை எச்சரிக்கைப் படங்களை ஓட்ட வேண்டிவரும். ஒன்பது நிமிடப் படம் அதைத் தாங்காது.

3. முகமூடியும் கத்தியும்

விலை உயர்ந்த முகமூடி தேவையில்லை. 1978இல் வந்த ஹாலோவீன் படத்தின் கொலைகாரன் மாட்டியது கடையில் இரண்டு டாலருக்கும் குறைவாக வாங்கிய ஸ்டார் டிரெக் கேப்டன் முகமூடி. கண் ஓட்டையைப் பெரிதாக்கி, முடியைக் கலைத்து, வெள்ளை பெயின்ட் அடித்தார்கள், அவ்வளவுதான்.

நாங்கள் கே.ஆர். மார்க்கெட்டில் திருஷ்டி முகம் வாங்கினோம். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டு முகப்பில் தொங்குமே, முறுக்கு மீசை, பிதுங்கிய கண், நாக்கைத் துருத்திக்கொண்டு, அதுதான். கண்ணிலும் மூக்கிலும் ஓட்டை போட்டு, உள்பக்கம் ஸ்பாஞ்ச் ஒட்டி, எலாஸ்டிக் கட்டினோம். வீட்டைக் காக்க மாட்டும் முகம் வீட்டுக்குள் வந்து நிற்கிறது என்பதே நம் ஆட்களுக்கு உடனே புரிகிற சிரிப்பு, அடிவயிற்றில் ஒரு பயமும் சேர்ந்துதான். உங்கள் ஊரிலிருந்து வருகிற பொருளைத் தேடுங்கள். அமெரிக்க ஸ்லாஷர் படங்களில் வரும் ஹாக்கி முகமூடியை அமெரிக்கர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

கத்தியை அட்டையில் வெட்டி அலுமினிய டேப் ஒட்டினால் போதும். உண்மைக் கத்தி ஒன்று வேண்டுமென்றால், மனிதர் யாரும் இல்லாத குளோசப்புக்கு மட்டும் எடுத்துவிட்டு உடனே பூட்டி வையுங்கள். இரவு இரண்டு மணிக்குக் களைப்பில் எது அட்டை, எது இரும்பு என்று கை மறந்துவிடும்.

4. ரத்தம் காய்ச்சுவது

பீட்ரூட் சாற்றில் தொடங்கினோம், கேமராவில் ரோஸ் மில்க் மாதிரி தெரிந்தது. அடுத்து, கல்யாண வீட்டில் கரைக்கிற ஆரத்தி. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் அருமையான சிவப்புதான், ஆனால் தண்ணீராக ஓடுகிறது. காயக் காய மஞ்சளுக்குத் திரும்புகிறது, கறையும் போகாது. மூன்றாவதாகச் செய்ததுதான் நின்றது.

பேக்கரிச் சாமான் விற்கும் கடையில் லிக்விட் குளுக்கோஸ் கிடைக்கும். ஒரு கிலோவுக்கு 200 மி.லி. வெந்நீர் விட்டுக் கலக்குங்கள். சிவப்பு ஜெல் ஃபுட் கலர் இரண்டு டீஸ்பூன், வெந்நீரில் கரைத்த கோகோ பவுடர் ஒரு டீஸ்பூன், பல்குச்சி நுனியில் தொட்ட நீலக் கலர். நீலம் கூடினால் கத்தரிக்காய் நிறமாகிவிடும், கவனம். கோகோ இல்லாத சிவப்பு பெயின்ட் மாதிரிதான் தெரியும். கெட்டியாக வேண்டிய இடத்துக்குச் சோள மாவைக் கரைத்துக் காய்ச்சிச் சேருங்கள். எந்த விளக்கில் எடுக்கப் போகிறீர்களோ அதே விளக்கின் கீழ், அதே சட்டைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். சமையலறை டியூப் லைட்டில் அருமையாக இருந்தது ஹாலில் ஜாம் ஆகிப்போனது.

இரண்டு பாட்டில்களாகப் பிரித்துப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ஒன்று வாய்க்கு, அதில் மேலே சொன்னவை மட்டும். மற்றது துணிக்கு, அதில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு ஸ்பூன் சேர்த்தால் துவைக்கும்போது கறை இளகும். இது வாயிலும் கண்ணிலும் படவே கூடாது. முந்தின நாளே எல்லோர் முழங்கை மடிப்பிலும் ஒரு சொட்டுத் தடவி 24 மணி நேரம் பாருங்கள், எங்களில் ஒருவருக்கு அரித்துச் சிவந்தது. எடுக்கும் முன் முகத்திலும் கழுத்திலும் மெல்லிசாகத் தேங்காய் எண்ணெய் தடவினால் தோலில் சாயம் ஏறுவது குறையும். திங்கட்கிழமை அலுவலகம் போகிறவர்களுக்கு இது முக்கியம்.

பீய்ச்சுவதற்கு மருந்துக் கடையின் 50 மி.லி. சிரிஞ்சும், மீன் தொட்டிக்குப் போடும் காற்றுக் குழாயும் போதும். குழாயைச் சட்டைக் கைக்குள் ஓடவிட்டு, ஃபிரேமுக்கு வெளியே ஒருவர் அழுத்த வேண்டும். ஒரே மூச்சில் அழுத்தாமல், இதயம் அடிக்கிற தாளத்தில் விட்டு விட்டு அழுத்தச் சொல்லுங்கள். அந்தத் தாளம்தான் சிரிப்பைக் கொண்டுவருகிறது. இதற்கு மட்டும் அரை மணி நேரம் வெறும் தண்ணீரில் ஒத்திகை பாருங்கள்.

5. சுவர், தரை, எறும்பு

பெங்களூரில் வீடு காலி செய்யும்போது பெயின்டிங்குக்கென்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடிப்பது வழக்கம். எப்படியும் பிடிக்கத்தானே போகிறார் என்று நினைத்துச் சுவரை அப்படியே விட்டோம். எங்கள் பெரிய தவறு இதுதான். அந்தப் பிடித்தம் சாதாரணப் பழையதாதலுக்கு. டிஸ்டெம்பர் சுவர் சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும், துடைத்தால் ரோஜா நிறத்தில் பரவும். மேலே ஒரு கோட் அடித்தோம், மறுநாள் காலை அதைத் தாண்டியும் சிவப்பு எட்டிப் பார்த்தது. கறையை மூடும் பிரைமர் அடித்து, அதன்மேல் இரண்டு கோட். 6,500 ரூபாய் போயிற்று.

காட்சியில் வரும் சுவருக்கு அதே நிறத்தில் பெயின்ட் அடித்த பிளைவுட் பலகை ஒன்றை முன்னால் நிறுத்துங்கள். மற்றச் சுவர்களுக்கும் கட்டிலுக்கும் பிளாஸ்டிக் ஷீட், மாஸ்கிங் டேப். தெறிப்பு நாம் நினைப்பதைவிட இரண்டு மடங்கு தூரம் போகும். சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு இறக்கைக்கும் உறை போடுங்கள்.

சர்க்கரை ரத்தம் டைல்ஸ் மேல் நன்றாக வழுக்கும். ஓடும் காட்சியை உலர்ந்த தரையில் மட்டும் எடுங்கள். முடித்த உடனே வெந்நீரால் துடைத்துவிடுங்கள். தூங்கி எழுந்து பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தோம். காலையில் சோபாவுக்கு அடியிலிருந்து சமையலறைவரை எறும்பு வரிசை. ஒரு வாரம் போகவில்லை. தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, பெங்களூரில் இருக்கிறீர்கள். மாலைக்குள் இரண்டு டிரம் நிரப்பி வையுங்கள். ஒவ்வொரு கொலைக்கும் ஒரு குளியல் உண்டு.

6. இரண்டு இரவுத் திட்டம்

முதல் இரவு ரத்தமே வேண்டாம். பேச்சு, நடை, கதவு, கேன் எல்லாவற்றையும் முடியுங்கள். இரண்டாம் இரவு ரத்தக் காட்சிகளை மட்டும், குறைவாக நனைவதிலிருந்து அதிகமாக நனைவது என்ற வரிசையில் எடுங்கள். நாங்கள் முதல் இரவே ஒரு கொலையை எடுத்துவிட்டு, அதற்கு முந்தைய காட்சிக்குத் திரும்பினோம். தலைமுடியில் ஒட்டிய சிவப்பு போகவே இல்லை. அந்தக் காட்சியை இன்னொரு சனிக்கிழமை எடுக்க வேண்டியதாயிற்று.

ஒரு ரத்த ஷாட் மறுபடி எடுக்க 40 நிமிடம் ஆகும். தரை துடைக்க, குளிக்க, சட்டை மாற்ற, மேக்கப் போட. அதனால் ஒரு கொலைக்கு மூன்று டேக்தான், ஆளுக்கு மூன்று ஒரே மாதிரிச் சட்டை. சிக்பேட்டையில் மொத்தமாக வாங்கினால் மலிவு.

7. அலறல்

இரவில் வீட்டுக்குள் யாரையும் அலறவிடாதீர்கள். வாயைத் திறந்து சத்தமில்லாமல் நடிக்கச் சொல்லுங்கள், அலறலைப் பகலில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் பதிவு செய்யுங்கள். காரின் இருக்கைகள் எதிரொலியை உறிஞ்சிவிடும். குத்தும் சத்தத்துக்குத் தர்பூசணி, எலும்பு முறிய முருங்கைக்காய், சதை கிழிய முட்டைக்கோஸ். ரத்தம் கண்ணுக்குச் செய்வதைவிட அதிகத்தை முருங்கைக்காய் காதுக்குச் செய்யும். ஒரு கொலையைக் கதவுக்குப் பின்னால் சத்தமாக மட்டுமே வைத்தோம், கூட்டம் அதற்குத்தான் அதிகம் நெளிந்தது.

8. செலவு

எங்களுக்கு ஆனது இது. ரத்தம், மூன்று சோதனைகளும் சேர்த்து 1,400. ஷீட், டேப், துணிகள் 1,100. சட்டைகள் 2,400. முகமூடி 350. விளக்கு வாடகை 3,000, மைக் வாடகை 1,600. சாப்பாடு 4,200. மெட்ரோ நின்ற பிறகு வீடு திரும்ப ஆட்டோவும் டாக்ஸியும் 2,800. சுவருக்கு 6,500. மொத்தம் 23,350 ரூபாய். கேமரா நண்பருடையது, எடிட் நாங்களே. சுவரைக் காப்பாற்றியிருந்தால் 16,850இல் முடிந்திருக்கும். சாப்பாட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஈரச் சட்டையோடு இரவு இரண்டு மணிக்குத் தரையில் பிணமாகக் கிடப்பவருக்குச் சூடான இட்லி கிடைக்க வேண்டும்.

9. யாருக்கு, எப்படிக் காட்டுவது

வெட்டி ஒட்டியதும் கதை தெரியாத பத்துப் பேரை வீட்டுக்குக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுங்கள். நீங்கள் திரையைப் பார்க்காமல் அவர்கள் முகங்களைப் பாருங்கள். யார் எந்த நொடியில் சிரிக்கிறார், எங்கே போனை எடுக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கொலையில் எங்களுடைய 20 நொடியை அப்படித்தான் வெட்டினோம். நீளமாக இருந்தபோது அது வெறும் சித்திரவதையாக இருந்தது.

யூடியூபில் ஏற்றத் தணிக்கைச் சான்று தேவையில்லை. ஆனால் வயதுக் கட்டுப்பாட்டை நீங்களே போட்டுவிடுங்கள், முகப்புப் படத்தில் ரத்தம் வேண்டாம். சினிமாப் பாட்டு பத்து நொடி வந்தாலும் உரிமை கோரல் வரும், பின்னணி இசையை நண்பரிடம் கேட்டு, அதற்கும் ஒரு கடிதம் வாங்குங்கள்.

தியேட்டரிலோ டிக்கெட் வைத்து ஓர் அரங்கிலோ காட்டுவதென்றால் தணிக்கை வாரியச் சான்று கட்டாயம். விண்ணப்பம் இ-சினிபிரமான் தளத்தில். வாரியத்தின் வட்டார அலுவலகம் பெங்களூரிலேயே உண்டு. கதைச் சுருக்கம், முழு வசனப் பிரதி இரண்டையும் முன்பே தயாராக வையுங்கள். 2024இலிருந்து யு/ஏ சான்று 7, 13, 16 என்று மூன்று வயதுப் படிகளாக இருக்கிறது. இவ்வளவு ரத்தத்தோடு போனால் 'ஏ' சான்றுக்கே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். 'ஏ' என்றால் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பெற்றோரோடு வந்தாலும் உள்ளே விடக் கூடாது, அழைப்பிதழிலேயே அதை அச்சிட்டுவிடுங்கள். எங்களிடம் ஒருவர் இரண்டு பிள்ளைகளோடு வந்து, வாசலில் இருந்தே திரும்ப வேண்டியதாயிற்று.